கல்லுக்குள் குமிழி

ஆசிட் கேன்களை லாரியிலிருந்து இறக்கும் முன் டிரைவர் அண்ணன் எந்த வீட்டுக்காரரிடமும் ஒரு கேள்வி கேட்பார். பக்கத்தில் பள்ளம், தொட்டி, நிலவறை என்று தரைக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அது. இருக்கிறது என்றால் அதைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கேனில் கை வைப்பார். அன்றைக்கு அவர் கேட்கவில்லை. வேலை, கூட வந்தவனின் மைத்துனர் வீட்டில். உன் சொந்தக்காரங்க வீடு, உனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்.

அவனுக்குத் தெரியும். அந்த வீட்டின் நிலவறையில்தான் அவன் மனைவி செத்தாள்.

தெரிந்ததை நினைக்காமல் இருக்க அவன் பழகிக்கொண்டிருந்தான். காலையில் எழுந்தான், பல் தேய்த்தான், வேலைக்குப் போனான். யாராவது பேசினால் பதில் சொன்னான். அதற்கு மேல் ஒன்றையும் தொடவில்லை. பள்ளம் இருக்கிறதா என்று டிரைவர் அண்ணன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்காததால் சொல்லவில்லை. தப்பு என்று பார்த்தால் இவ்வளவுதான்.

கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டு போர்வெல் சுத்தம் செய்யும் கம்பெனிக்கு வந்தவன் என்பதால் வேலையிடத்தில் அவனுக்கு கெமிஸ்ட்ரி என்று பெயர். அந்த ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. போர் போட்டால் முதலில் தண்ணீர் கொட்டும். போகப்போக, கல்லில் தண்ணீர் வரும் வெடிப்புகளைச் சுண்ணாம்பே பக்கு கட்டி அடைத்துவிடும். அப்போது இவர்கள் போய்க் குழாய் வழியே ஆசிட்டை ஆழத்துக்கு இறக்குவார்கள். ஆசிட் பக்கைத் தின்னும், வெடிப்பை அகலமாக்கும், தண்ணீர் மறுபடி வரும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் தோண்டிய கல்லில் ஒரு துண்டை எடுத்து, சொட்டுக்குப்பியிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விடுவான். சுண்ணாம்புக்கல் என்றால் உடனே சீறும், நுரைக்கும். வேறு கல் என்றால் சும்மா நனைந்து கிடக்கும். "கல்லையும் கிள்ளி அழவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான் நம்ம ஆளு" என்று டிரைவர் அண்ணன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் அவன் மனைவிக்கும் இதைக் காட்டியிருக்கிறான். வீட்டில் ஆசிட் இல்லை. ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டான். ஓட்டின் மேல் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறின. அவள் டம்ளரைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "ஏதோ முனகுது" என்றாள்.

மைத்துனருக்குச் சலவைத் தொழில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பெரிய இயந்திரங்கள். கொல்லையில் கயிறு கயிறாக வெள்ளைத் துணி. போரில் தண்ணீர் குறைந்து இயந்திரங்கள் பாதி நேரம் சும்மா நின்றன. வேறு ஆட்களை அனுப்புகிறேன் என்று அவன் சொல்லிப் பார்த்தான். மைத்துனர் போனில், "அவ போனதுக்கப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரல மாப்ள. போருக்காகவாவது வாங்க" என்றார்.

வந்தான். மைத்துனரின் மனைவியை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அக்கா அவனைப் பார்த்ததும் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டதாகச் சொல்லி, உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர்களுடைய மகள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஓர் ஆண்டுகூட ஆகாதவள். துருதுருவென்று மூலைக்கு மூலை ஓடுவதால் வீட்டில் சுண்டெலி என்று பெயர். அவள் ஈர விரிப்புக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் நீட்டினாள்.

"மாமா தாடி வெச்சுக்கிட்டுத் திருடன் மாதிரி இருக்காரு."

"திருடன்தான். உன்னைத் தூக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கான்" என்றார் டிரைவர் அண்ணன்.

"என்னால வர முடியாது. எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

நோய் முற்றியபோது அவன் மனைவியை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவனும் அவளும் இருந்த மாடி வீடு வெயிலில் அடுப்பாக இருந்தது. இங்கே பாறையைக் குடைந்து கட்டிய நிலவறை கோடையிலும் சில்லென்று இருக்கும். கூரையை ஒட்டித் தெரு மட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே நடப்பவர்களின் செருப்புகள் தெரியும். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். மெஷினிலிருந்து வரும் காற்று ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் புகுந்து குமிழியாக வெளியேறி, பிறகுதான் அவள் மூக்குக்குப் போகும். இரவும் பகலும் அந்தப் பாட்டில் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. கடைசி நாளில் அவள் மூச்சு நின்ற பிறகும் அது கொப்பளித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. வெகுநேரம் கழித்து அவன்தான் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தான்.

குழந்தையை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது கட்டிலும் இல்லை, அத்தையும் இல்லை. அத்தை எங்கே என்று கேட்டாள். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்றுவரை அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. மோட்டாரை வெளியே எடுத்தார்கள். பிளாஸ்டிக் குழாயை அடி ஆழம்வரை விட்டார்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, கவசம். அவன் புனலைப் பிடித்துக்கொள்ள, டிரைவர் அண்ணன் கேனைச் சரித்தார். கடைசிக் கேனும் காலியானதும் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஆசிட்டைக் கீழே தள்ளிவிட்டார்கள். இனி ராத்திரி முழுக்க அது தன் வேலையைப் பார்க்கும். மறுநாள் கம்ப்ரஸர் வைத்து அழுக்கை ஊதி வெளியேற்ற வேண்டும். அதுவரை போர் வாய் திறந்தே இருக்க வேண்டும். கீழே கல்லைக் கரைத்து எழும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் வெளியேறி வெட்டவெளியில் கலக்கும். சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, டிரைவர் அண்ணன் லாரிக்குள் போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.

அவன் காவலுக்கு உட்கார்ந்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. கொட்டகையில் துணி சுற்றும் இயந்திரத்தின் உறுமல் மட்டும். பிறகு அது நின்றது. அப்போதுதான் போரிலிருந்து அந்தச் சத்தம் ஏறி வந்தது.

எத்தனையோ போர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். சில போர் இரையும், சில போர் குமுறும், சில போர் உருளைக்கிழங்கு வேகிற மாதிரி தளதளக்கும். இது அப்படி இல்லை. நிதானமாக, ஒரே சீராக, சின்னச் சின்னக் கொப்பளிப்பு. நடுவில் லேசாக ஒரு திணறல். பிறகு மறுபடி அதே சீர். பாட்டில்.

அவன் எழுந்து நின்றான். குழாயின் நீளம், உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டம், வாயு ஏறி வரும் வேகம், எல்லாம் சேர்ந்து ஒரு சத்தம் உண்டாகிறது, அது எதைப்போலவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொன்னான். சொன்னது சரிதான். சரியாக இருந்தும் அங்கே நிற்க முடியவில்லை. கொல்லையின் மறு கோடிக்குப் போனான். அங்கேயும் கேட்டது. காற்றில் விரிப்புகள் புடைத்து எழுந்து, மெதுவாக அடங்கின. அவை அடங்கும்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.

கருவிப் பெட்டியில் போரை மூடும் இரும்பு மூடி இருந்தது. வேலையெல்லாம் முடிந்து மோட்டாரை இறக்கிய பிறகு போடுகிற மூடி. அதை எடுத்துக் குழாயின் வாயில் வைத்தான். ரப்பர் வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்பேனரால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். கடைசிச் சுற்றில் சத்தம் கத்தரித்ததுபோல நின்றது.

செய்யக் கூடாது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று நினைத்தான். சத்தம் நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்தான். அக்கா தட்டில் வைத்துவிட்டுப் போன சாப்பாடு ஆறிக் கிடந்தது. வெகுநாளுக்குப் பிறகு பசித்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

வெயில் சாயத் தொடங்கியது. அக்கா காய்ந்த விரிப்புகளைக் கயிற்றிலிருந்து உருவி மடித்துக்கொண்டே அவன் பக்கம் வந்தாள். குழந்தை எங்கே என்று பேச்சுக்குக் கேட்டான்.

"கீழதான் படுத்திருக்கா. மத்தியானமானா அங்கதான் அவளுக்கு. சில்லுன்னு இருக்குல்ல" என்றாள் அக்கா. ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி, எப்படிச் சொல்வது என்று யோசிப்பவளைப்போல நின்றாள். "இன்னிக்கு அத்தை பாட்டில் சத்தம் பெருசாக் கேக்குதாம். கேக்கணும்னு ஓடினா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. குழந்தைதானே."

அவன் மூடியைப் பார்த்தான். அதன் ரப்பர் வளையத்தைச் சுற்றி ஈரம் பூத்திருந்தது. உள்ளே வாயு நிரம்பி நிரம்பி, மேலே வழி இல்லாமல், பக்கவாட்டில் போயிருக்கிறது. ஆசிட் அகலமாக்கிய வெடிப்புகளுக்குள் புகுந்து, பாறைக்குள்ளேயே நகர்ந்து, எங்கே பள்ளம் கிடைக்கிறதோ அங்கே. காற்றைவிடக் கனமான வாயு. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மாதிரி தேங்கும்.

டிரைவர் அண்ணனை எழுப்பி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னதாக அவனுக்கு நினைவு. வீட்டுக்குள் ஓடினான்.

நிலவறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. பழைய நாற்காலி, சலவைத்தூள் மூட்டைகள், சுவரில் குழந்தை கிறுக்கிய யானை. நடுப்படியில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடந்தது. அதற்குக் கீழ்ப்படியில் எறும்பு வரிசை ஒன்று, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது அப்படியே நின்றுவிட்டிருந்தது. தரையில் கொசுவத்தி பாதிச் சுருளில் அணைந்து, சாம்பல் முறியாமல் இருந்தது. தரைக்குமேல் இடுப்பளவு உயரத்துக்கு அந்த அறை நிரம்பியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை. வெறும் அறை.

சுவரோரம், கட்டில் இருந்த மூலையில், சுண்டெலி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு காது தரையில் பதிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ரகசியம் கேட்கிறவளின் முகம்.

நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அடைத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் மைத்துனர் ஓடிவருவதும், டிரைவர் அண்ணன் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, "நீங்க போகாதீங்க, இன்னொருத்தர் விழுந்தா எடுக்க ஆள் இல்ல" என்று கெஞ்சுவதும் கேட்டது. கண் எரிந்தது. சோடா குடித்துவிட்டு ஏப்பம் விட்டால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம் மூச்சை இழுக்காமலே உள்ளே ஏறியது.

குழந்தையை எடுக்கக் குனிந்தான். அப்போது கேட்டது.

தரையும் சுவரும் சேரும் இடத்தில் பாறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. சத்தம் அதிலிருந்து வந்தது. மேலே போரில் கேட்டதைவிடத் தெளிவாக, தாழ்வாக, பழக்கமானதாக. சின்னச் சின்னக் கொப்பளிப்பு. நடுவில் அந்தத் திணறல். அவள் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும் என்று தோன்றியது. நெஞ்சு வெடித்துவிடும்போல முட்டியது. ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும். அது எவ்வளவு சுலபம் என்று அவனுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கையில் இருந்த குழந்தை கனத்தது. தூங்குகிற குழந்தையின் கனம் இல்லை அது. தலை அவன் முழங்கைக்கு அப்பால் சரிந்து, துணி மூட்டை மாதிரி தொங்கியது. அந்தக் கனம் அவனுக்குத் தெரிந்த கனம். கட்டிலிலிருந்து இன்னொருத்தியைத் தூக்கும்போது இதே மாதிரி கை தாழ்ந்தது.

படிகளில் எப்படி ஏறினான் என்று தெரியாது. கொல்லையில், சலவை விரிப்புகளின் குவியல்மேல் குழந்தையைக் கிடத்தியபோது அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. டிரைவர் அண்ணன் மண்டியிட்டு அவள் வாயில் வாய் வைத்து ஊதினார். அக்கா பக்கத்தில் நின்றாள். கையில் பாதி மடித்த விரிப்பு அப்படியே இருந்தது. மூடி கழன்ற போரின் வாயிலிருந்து நுரை பொங்கி வழிந்து, மண்ணில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது.

சுண்டெலி இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு, தன்மேல் இத்தனை பேர் குனிந்திருப்பதைப் பார்த்துப் பயந்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அக்கா உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் காலையில் அனுப்பினார்கள். குழந்தைகள் தாங்கும், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். டிரைவர் அண்ணன் அந்த ராத்திரி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விடிந்ததும் கம்ப்ரஸரை ஓட்டிப் போரை ஊதினார். முதலில் பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் பீறிட்டது. பிறகு கலங்கல். பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்து, முழங்கை கனத்தில் கொட்டியது. அவன் காகிதத் துண்டை நனைத்துப் பார்த்தான். நிறம் மாறவில்லை. ஆசிட் ஒரு பொட்டுகூட மிச்சம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆசிட்டை முறிக்கும் சோடா உப்பைக் கலந்து மறுபடி ஊதி, மறுபடி பார்த்தான். சுத்தம்.

கம்ப்ரஸர் நின்றபோது மைத்துனர் வந்து அவன் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாப்ள மூடினீங்க?"

நுரை தெறித்தது, பூனை வந்தது என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"சத்தம் தாங்கல மச்சான். அவ பாட்டில் சத்தம்."

மைத்துனர் அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் கேட்டுச்சு. மெஷின்ல தண்ணி போற சத்தம்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு மெஷினையும் நிறுத்தினேன். அப்பவும் கேட்டுச்சு. அப்புறம் மறுபடி ஓட விட்டுட்டேன், கேக்காம இருக்கட்டும்னு."

அப்போது அவன் விளக்க ஆரம்பித்தான். அவ்வளவு நீளமாக அவன் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆசிட் சுண்ணாம்புக்கல்லைத் தொட்டால் என்ன நடக்கும், கல்லுக்குள் காலம் காலமாக அடைபட்டிருக்கும் வாயு எப்படி விடுபடும், அது வெடிப்பில் தேங்கிய தண்ணீர் வழியே போகும்போது பாட்டில் மாதிரிதான் கேட்கும், குழந்தை கேட்டதும் அதுதான், வேறொன்றும் இல்லை. மைத்துனர் தலையாட்டினார். ஓரளவு நிம்மதியாகத் தெரிந்தார்.

அக்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆசிட் நேத்துதானே தம்பி ஊத்தினீங்க" என்றாள்.

"ஆமாக்கா."

"பாப்பா இதை நேத்தா சொன்னா? அவ அத்தை போன மறுவாரத்துல இருந்து சொல்லிக்கிட்டிருக்கா. தினம் மத்தியானம் கீழ போய், காதை வெச்சுப் படுத்துக்கிறதுதான் அவளுக்கு வேலை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டோம்."

டிரைவர் அண்ணன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். மழைத்தண்ணீரே லேசான ஆசிட்தான், அதுகூடச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கும் என்று அவன் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. மழை கல்லைக் கரைப்பது காதில் விழாது. அதற்குச் சத்தம் கிடையாது. அது அவனுக்கு மட்டும்தான் அங்கே தெரியும்.

அவன் ஒரு மெழுகுவர்த்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். நிலவறையின் ஜன்னலையும் கதவையும் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, மின்விசிறியைப் படியில் நிறுத்தி ஓடவிட்டிருந்தார்கள். விசிறியை நிறுத்தினான். மெழுகுவர்த்தியை ஒவ்வொரு படியாகத் தாழ்த்திக்கொண்டே இறங்கினான். சுடர் அசையவில்லை. தரையில் வைத்தான். நன்றாக எரிந்தது. வெடிப்பின் வாயில் பிடித்தான். அங்கேயும் எரிந்தது. ஆசிட் இல்லை, வாயு இல்லை, மோட்டார் ஓடவில்லை, இயந்திரங்கள் நின்றிருந்தன. ஜன்னலில் ஒரு ஜோடிச் செருப்பு கடந்து போயிற்று.

குழந்தை படுத்திருந்த இடத்தில் படுத்தான். கல் குளிர்ந்திருந்தது. காதைத் தரையில் வைத்தான்.

கேட்டது.

மிக மெல்லியதாக, ஆழத்தில், அவசரம் இல்லாமல். ஒரே சீர். திணறல். மறுபடி சீர். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தின் கீழே கல் நனைந்தது. அழுகிறோம் என்று சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. சாவு வீட்டில்கூட அவன் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைப்பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

"மாமா."

மேல்படியில் சுண்டெலி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் கையில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது. ஒரு காலைக் கீழ்ப்படிக்கு இறக்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"கேக்குதா மாமா?"

குரலில் அத்தனை ஆசை. வீட்டில் இவ்வளவு நாளாக யாரும் அவளை நம்பவில்லை. இன்றைக்கு ஒருத்தன் அவள் படுக்கிற இடத்தில் படுத்து, அவள் வைக்கிற மாதிரி காது வைத்திருக்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கும் ஒரு துணை கிடைக்கும். அந்தச் சத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ள உலகத்தில் ஒரே ஓர் ஆள். நாளைக்கும் அவள் இறங்கி வருவாள். நாளை மறுநாளும்.

"இல்ல" என்றான். "ஒண்ணும் கேக்கல."

"நல்லாக் கேட்டுப் பாருங்க."

"பார்த்துட்டேன்டா. அத்தை இங்க இல்ல. அத்தை செத்துப்போயிட்டா. அன்னிக்கே செத்துப்போயிட்டா. உன்கிட்ட யாரும் சொல்லல."

அவள் இறக்கிய காலை மெதுவாக மேலே எடுத்துக்கொண்டாள். அழவில்லை. அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். கூடத்தில் அக்காவின் குரலும், குழந்தையின் குரலும், அக்கா விம்முவதும் கேட்டன.

கொட்டகைக்குப் போய், தரை பூச வாங்கி வைத்திருந்த சிமெண்டில் கொஞ்சமும் மணலும் எடுத்து வந்தான். மைத்துனர் உதவிக்கு வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றான். வெடிப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கொத்தனார் கரண்டியால் கலவையை உள்ளே திணித்து, மேலே வழவழவென்று தேய்த்தான். சத்தம் குறைந்து, மங்கி, நின்றது. கருவிகளைக் கழுவ எழுந்தான்.

ஈரச் சிமெண்டின் நடுவில் ஒரு குமிழி எழும்பியது. சின்னது. குண்டூசித் தலை அளவு. உப்பி, கொஞ்சம் நின்று, உடைந்தது.

அவன் உட்கார்ந்து அந்த இடத்தைக் கரண்டியால் தடவிவிட்டான். சரியானது. கரண்டியை எடுத்தான். அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது.

தடவினான். மேலே டிரைவர் அண்ணன் லாரியைக் கிளப்பி, புறப்படலாமா என்பதுபோல ஒரு முறை ஹாரன் அடித்தார். சிமெண்ட் இறுகக் கொஞ்ச நேரம் ஆகும் என்று இவன் குரல் கொடுத்தான். கரண்டியைக் கையில் பிடித்தபடி, அடுத்ததற்காகக் காத்திருந்தான்.